அடைக்கலம் தருதலும் இல்லம் சேர்த்தலும்



ஞாயிறுதோறும் நம் சங்கக் கூடத்தில் கூடிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். உயிர்க்கொலை தவிர்ப்பேன் என்னும் முதற் சீலத்தைச் சொல்லும்பொழுது நம்மில் பெரும்பாலோர் மனத்தில் கத்தியும் தடியுமே தோன்றும். கத்தி எடாமலும் தடி ஓங்காமலும், நல்லெண்ணம் ஒன்றையே கொண்டும் ஓர் உயிரைத் துன்பத்தில் தள்ளிவிட முடியும் என்பதை யான் என் சொந்த வாழ்க்கையில் கற்றேன். அந்தப் பாடத்தையே இம்முறை உங்கள்முன் வைக்கின்றேன்.

பொருள் யாதெனில், தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்களுக்குத் தக்க இல்லம் தேடி ஒப்படைத்தல் என்பதாம். "நாய்க்கு வீடு தேடுவது தம்மப் பாடமா?" என்று சிலர் நகைக்கலாம். முற்றும் படித்த பின்னர் அவர்களே விடை கூறட்டும்.

ஆலை வாயிலில் கற்றது

யான் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் பல ஆண்டுகள் உழைத்தவன். ஆலை வாயிலில் செவலை நிறப் பெட்டை நாய் ஒன்று இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வருவோர் தூக்குச் சட்டியில் மிஞ்சிய சோற்றை அதற்கு இடுவர். அச்சோற்றிலேயே அது வளர்ந்தது. பின்பு ஆலை மூடப்பட்டது. நாங்கள் திசைக்கொருவராகக் கலைந்தோம். ஆலை மூடப்பட்ட செய்தி செவலைக்குத் தெரியாது. முன்பு சங்கு ஊதிய நேரத்திற்கு அது தவறாமல் வாயிலில் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்நிலையில் நான்கு குட்டிகளையும் ஈன்றது.

எனக்கு இரக்கம் பொங்கிற்று. குட்டிகளை ஒரு கூடையில் இட்டுக் கடைவீதிக்குக் கொண்டுசென்றேன். கேட்டவர் கையில் கொடுத்தேன். மாலைக்குள் நான்கும் தீர்ந்தன. பெரும் புண்ணியம் செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

முதற் குட்டி பதினைந்து நாட்களுக்குள் இரத்தக் கழிச்சலால் இறந்தது. அது பார்வோ நோய் என்றும், உரிய காலத்தில் தடுப்பூசி இட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றும் கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார். இரண்டாவது குட்டியைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் காவலுக்கென ஒருவர் கொண்டுபோனார். வேலை முடிந்ததும் எல்லோரும் போய்விட்டனர். நாயை மட்டும் சங்கிலியோடு விட்டுச் சென்றனர். செய்தி கேட்டு யான் ஓடியபொழுது, குட்டியாயிருந்தபோது கட்டிய கழுத்துப் பட்டை வளர்ந்த நாயின் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. அதனைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாவது ஒரு வாடகை வீட்டிற்குச் சென்றது. வீட்டுக்காரர் கூடாதென்றார். அக்குடும்பத்தார் அதனைத் தொலைவிலுள்ள சந்தையில் விட்டுவிட்டு வந்தனர். யான் பல நாள் தேடியும் கிடைக்கவில்லை.

நான்காவது குட்டியைப் பெற்றவர் பூக்கட்டி விற்கும் ஒரு மூதாட்டியார். அவர் ஒருவரே என்னை நிறுத்திக் கேள்வி கேட்டார். "பால் மறந்ததா? ஊசி போட்டாயா? என் பேரன் கைக்குழந்தை, அவனைக் கடிக்குமா? நான் படுத்துவிட்டால் இதை யார் பார்ப்பது?" என்றார். எனக்கு ஒன்றற்கும் விடை தெரியவில்லை. அவரே தம் மகளிடம் பேசி இசைவு பெற்று, மறுநாள் வந்து குட்டியைப் பெற்றுக்கொண்டார். அது பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே இறந்தது.

கேள்வி கேட்டு வாங்கியவர் வீட்டில் நாய் வாழ்ந்தது. ஒரு கேள்வியும் கேளாமல் கொடுத்தவன் யான். மூன்று உயிர்களின் துன்பத்தில் எனக்குப் பங்குண்டு. கருணை இருந்தது, அறிவு உடன் இல்லை. பறவைக்கு இரு சிறகுகள் வேண்டுவதுபோலத் தம்மத்திற்குக் கருணையும் பிரஞ்ஞையும் வேண்டும்.

எல்லா நாய்க்கும் வீடு வேண்டுமா?

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். தெருவில் நிற்கும் நாயெல்லாம் வீடிழந்த நாயன்று. தெருவிலேயே பிறந்து, அங்குள்ளார் இடும் உணவில் வளர்ந்து, தன் எல்லையை அறிந்து வாழும் வளர்ந்த நாயை நான்கு சுவருக்குள் அடைத்தால் அது பல சமயங்களில் அஞ்சி நடுங்கும், அன்றிக் கடிக்கும். அத்தகைய நாய்க்குச் செய்யத்தக்க உதவி கருத்தடை அறுவைச் சிகிச்சையும், வெறிநோய்த் தடுப்பூசியும், ஒழுங்கான உணவுமேயாம். சென்னையில் 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் சங்கம் 1964 முதலே இக்கருத்தடை முறையைக் கையாண்டது. மத்திய அரசு 2001-இல் வகுத்த விதிகளும், அவற்றிற்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய விதிகளும், சிகிச்சையும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று கூறின. காதோரத்தில் சிறு வெட்டுள்ள நாயைக் கண்டால் அது சிகிச்சை முடிந்த நாய் என அறிக. என் செவலையும் அவ்வாறே காதில் அடையாளத்துடன் ஆலை வாயிலுக்குத் திரும்பி, காவற்காரர் இட்ட சோற்றில் தன் நாளைக் கழித்தது.

அவ்வாறாயின் இல்லம் தேடவேண்டியவை எவை? தாயை இழந்த குட்டிகள். வீட்டில் வளர்ந்து பின்பு கைவிடப்பட்டவை. கால் இழந்தும் கண் இழந்தும் தெருவில் பிழைக்க இயலாதவை. மனிதரை ஒட்டி வாழும் இயல்புடையவை. இவற்றிற்கே முதலிடம்.

2025-ஆம் ஆண்டில் இவ்விஷயம் உச்சநீதிமன்றத்தின்முன் வந்ததை நீங்கள் அறிவீர்கள். டில்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்குமாறு ஆகஸ்டு 11-ஆம் நாள் ஒரு கட்டளை பிறந்தது. ஆகஸ்டு 22-ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக ஏனையவற்றைச் சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடுமாறு பணித்தனர். நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், தத்துப்போன நாய் மீண்டும் தெருவுக்கு வராமற் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் கூறினர். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்குமாறும், அவற்றை அங்கேயே திரும்ப விடலாகாது என்றும் நவம்பர் 7-ஆம் நாள் மற்றொரு கட்டளை வந்தது. காப்பகத்திற்குச் செல்லும் நாய்கள் மிகுந்தால் தத்தெடுக்கும் இல்லங்களும் மிகவேண்டும் அன்றோ? ஆகவே இப்பாடம் நமக்கு இன்று மிகவும் தேவையாகின்றது.

கடிபட்டவர் துயரை மறந்துவிட்டு நாயின்மேல் மட்டும் இரங்குவதும் கருணையாகாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். நோயின் குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. இறப்போரில் பலர் நம்மைப்போன்ற ஏழைகளின் பிள்ளைகள். நாய் கடித்தால் சோப்பு இட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி இல்லாத நாயை ஒருவர் வீட்டிற்குக் கொடுப்பது அவ்வீட்டுக் குழந்தைக்கும் நாய்க்கும் ஒருசேரச் செய்யும் தீங்காகும்.

நாய்க்கும் ஜாதியா?

பிராணி நலச் சங்கங்களில் உழைப்போரைக் கேட்டுப் பாருங்கள். நாய் வேண்டி வருவோர் கேட்கும் முதற் கேள்வி, "என்ன ஜாதி நாய்?" என்பதே. வெளிநாட்டு இனமாயின் அன்றே கொண்டுபோக ஆள் உண்டு. நாட்டு நாயாயின் முகம் சுளிப்பு. அதிலும் கறுப்பு நாய், பெட்டை நாய், வயது முதிர்ந்த நாய் ஆகியவை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. பிறப்பாலும் நிறத்தாலும் தள்ளப்படுவதன் வேதனையை அறிந்து, அதனை விட்டு வெளியேறித் தம்மத்தில் சரண் புகுந்தவர்கள் நாம். நாயைத் தேர்ந்தெடுக்கும்போது அதே அளவுகோலை நம் கையில் எடுக்கலாமா?

ஜாதகக் கதைகளில் குக்குர ஜாதகம் என ஒன்றுண்டு. காசியரசனுடைய தேரின் தோல்வார்கள் ஓர் இரவு முற்றத்தில் மழையில் நனைந்தன. அரண்மனையில் வளர்ந்த உயர்ஜாதி நாய்கள் அவற்றைக் கடித்துத் தின்றுவிட்டன. ஏவலர் பழியை வெளி நாய்கள்மீது சுமத்தினர். அரண்மனை நாய்களை விட்டு ஏனைய நாய்களைக் கொல்லுமாறு அரசன் ஆணையிட்டான். அப்பிறவியில் போதிசத்துவர் சுடுகாட்டில் வாழ்ந்த நாய்க்கூட்டத்தின் தலைவராயிருந்தார். அவர் அஞ்சாமல் அரசவை புகுந்து, குற்றவாளி யார் என ஆராயாமல் ஒரு சாராரை மட்டும் கொல்வது நீதியாகாது என்று எடுத்துரைத்தார். பின்பு அரண்மனை நாய்களுக்கு மோரில் தருப்பைப் புல்லைக் கலந்து கொடுக்கச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. அரசன் நாணி, உயிர்களுக்கெல்லாம் அபயம் அளித்தான்.

வெளிநாட்டு இன நாய்களும் இன்று துன்பத்தினின்று தப்பவில்லை. பனி நாட்டிற்குரிய அடர்ந்த மயிருள்ள நாயை வேடிக்கைக்காக விலைக்கு வாங்குகின்றனர். நம் வெயிலில் அது நோயுற்றால், செலவுக்கு அஞ்சிக் காப்பக வாயிலில் கட்டிவிட்டுப் போகின்றனர். உயிர்களை விலைபேசும் வாணிகம் உபாசகர்க்குத் தகாத ஐந்து வாணிகங்களுள் ஒன்றென்று பகவர் விலக்கியிருப்பதை இங்கு நினைவுகூர்க. கொடுப்பவரும் விழிப்போடிருத்தல் வேண்டும். கருத்தடை செய்யாத இன நாயை, "வளர்க்கிறேன்" என்று சொல்லி வாங்கிச் சென்று குட்டி ஈனவைத்து விற்போரும் உளர்.

ஒப்படைக்கும் முறை

முதலாவது, நாயை ஆயத்தப்படுத்துதல். மீட்ட நாயை இரண்டு வாரமேனும் பிற நாய்களோடு சேராமல் தனியே வைத்தல் நலம். அதற்குள் மறைந்திருக்கும் நோய் வெளிப்படும். குடற்புழுவிற்கு மருந்து தருக. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குரிய தடுப்பூசியைத் தொடங்கி மருத்துவர் சொல்லும் முறையில் தொடர்க. மூன்று மாதமளவில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயினின்று பிரித்தல் ஆகாது. 2017-ஆம் ஆண்டின் விதிகள் அத்தகைய குட்டியை விற்பதையும் தடுத்துள்ளன.

இரண்டாவது, இயல்பை அறிந்து உள்ளவாறு உரைத்தல். குழந்தைகளிடம் எப்படி நடக்கின்றது, உணவருகே சென்றால் உறுமுகின்றதா, வெடிச்சத்தத்திற்கு அஞ்சுகின்றதா என்று பார்க்க வேண்டும். குறையை மறைத்துக் கொடுப்பது பொய்யாமைச் சீலத்திற்கு மாறு. அந்நாய் மறுவாரமே திரும்பி வரும். அன்றித் தெருவில் விடப்படும்.

மூன்றாவது, இல்லத்தை விசாரித்தல். வீடு சொந்தமா, வாடகையா? வாடகையாயின் உரிமையாளர் இசைந்தாரா? வீட்டிலுள்ள எல்லோருக்கும் உடன்பாடா, அல்லது பிள்ளையின் பிடிவாதமா? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? ஊருக்குச் சென்றால் எவரிடம் விடுவர்? முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று? இக்கடைசிக் கேள்விக்கு வரும் விடையில் பல உண்மைகள் தெரியவரும். நேரில் சென்று நாய் படுக்கும் இடத்தைப் பார்த்தலும் வேண்டும். இவ்வாறு கேட்டால் சிலர் சினப்பர். பெண் கொடுக்கும்போது விசாரிக்கின்றோம். அப்பெண்ணுக்காவது பேச வாயுண்டு. வாயில்லா உயிருக்கு நாமே வாய்.

நான்காவது, எழுத்தில் உடன்படிக்கை. வளர்க்க இயலாதபோது தெருவில் விடாமல் எம்மிடமே திருப்பித் தருவேன் என்னும் வாசகம் அதில் இன்றியமையாதது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவதும், மிகக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றமாகும். இதனையும் பெறுவோர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஐந்தாவது, பின்தொடர்தல். புது வீட்டில் முதல் மூன்று நாள் நாய் அச்சத்தில் உண்ணாமலும் ஒளிந்துமிருக்கும். மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கைக் கற்கும். மூன்று மாதத்தில் அதனைத் தன் வீடென்று கொள்ளும். பழகியோர் சொல்லும் பொதுக் கணக்கு இது. நாய்க்கு நாய் வேறுபடும். இதனை அறியாதவரே நான்காம் நாளில், "இது சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவருகின்றனர். ஆதலின் முதல் வாரத்திலும், முதல் மாதத்திலும், பின்னர் அவ்வப்போதும் சென்று பார்த்தல் கடமை.

சங்கங்களின் இடர்ப்பாடுகள்

பெங்களூரில் 1991-இல் தொடங்கப்பட்ட கம்பேஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்ஷன் போன்ற பெரிய சங்கங்களும் உள்ளன. தம் வீட்டு மாடியில் ஐந்தாறு நாய்களை வைத்துக் காக்கும் தனியாட்களும் உள்ளனர். இருசாரார்க்கும் உள்ள இடர்கள் ஏறக்குறைய ஒன்றே. வரும் நாய்கள் பல, போகும் நாய்கள் சில. இடம் நிறைந்த பின்னும் இரவோடிரவாக வாயிலில் குட்டிகளைப் பெட்டியோடு வைத்துச் செல்வோர் ஓய்வதில்லை. ஒன்றுக்குப் பார்வோ கண்டால் ஊசியிடாத குட்டிகளுக்கெல்லாம் அது பரவும். மருந்துக் கடன் ஏறும். அண்டை வீட்டார் குரைப்பொலி பொறாமல் புகார் செய்வர். நாயைப் பார்த்ததும், "ஐயோ பாவம், யாராவது எடுத்துச் செல்லுங்கள்" என்று தொலைபேசுவோர் ஆயிரம். ஒரு வாரம் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வருவோர் அரியர்.

மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனை நாம் அறிவோம். ஈன்றவளால் கைவிடப்பட்டு ஏழு நாள் பசுவின் பாலால் உயிர் தரித்தவன், வளர்ந்தபின் வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை மீட்டான். ஊரார் அவனை அடித்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். உயிரை மீட்டவனைத் தூற்றுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

இவற்றினும் கொடியது மனச்சோர்வு. இடமில்லாதபோது "முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. சொன்ன இரவு உறக்கம் வருவதில்லை. சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், இருபது நாய்க்குரிய இடத்தில் அறுபது அடைந்து, காப்பகமே துன்பக் கூடமாகின்றது. மைத்திரி, கருணை, முதிதை என்னும் மூன்றோடு உபேக்ஷை என்னும் நடுநிலையையும் பகவர் சேர்த்தே போதித்தார். தன் ஆற்றலின் அளவறிந்து, ஏற்ற உயிர்க்கு முழுமையாகச் செய்து, ஏற்க இயலாததை நினைத்துத் தன்னைத்தான் எரித்துக்கொள்ளாதிருத்தல் உபேக்ஷை. அதனைக் கல்நெஞ்சம் என்று எண்ணற்க.

நாம் செய்யத்தக்கது

நம்மிற் பலர் ஓரறை வீட்டில் வாழ்வோர். எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று யான் சொல்லவில்லை. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் காக்கும் உறுதி இல்லாதவர் வாங்காதிருப்பதே அறம். அவர்களும் செய்யத்தக்கவை உள. இல்லம் கிடைக்கும் வரை ஒரு குட்டியைச் சில வாரம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் காப்பகம் சென்று கழுவிப் பெருக்கலாம். பழைய போர்வையும் அரிசியும் கொடுக்கலாம். தம் தெருவில் உள்ள நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் நடைபெற மாநகராட்சியிடம் முறையிடலாம். ஒரு பெட்டைக்குச் சிகிச்சை செய்வித்தால், கூடையில் வைத்துக் கடைவீதிக்குக் கொண்டுபோகக் குட்டிகளே இரா.

அசோக மாமன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைப் பொறித்தார். நம் அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவும் உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைக் குடிமக்கள் கடமையாக்கியுள்ளது. எனினும் கல்வெட்டும் சட்டமும் நாய்க்குச் சோறிடா. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடும், அவ்வீட்டில் பொறுப்பேற்கும் ஒரு மனிதரும் வேண்டும்.

அந்தப் பூக்காரத் தாயார் இன்றில்லை. "நான் படுத்துவிட்டால் இதை யார் பார்ப்பது?" என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் என் காதில் இன்னும் இருக்கின்றது. நாய் கொடுப்போரும் வாங்குவோரும் அக்கேள்விக்கு விடை கண்டபின் கைநீட்டுவார்களாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. நல்லெண்ணத்துடன் செய்த தானம் தீங்காக முடிவது எவ்வாறு? உங்கள் அனுபவத்திலிருந்து ஒன்று கூறுக.

2. தெருவிலேயே விடத்தக்க நாய் எது, இல்லம் தேடத்தக்க நாய் எது?

3. குக்குர ஜாதகத்தில் அரசன் செய்த பிழை யாது? அப்பிழை இன்று எவ்வடிவில் நிகழ்கின்றது?

4. "முடியாது" என்று சொல்வது எப்பொழுது கருணையாகும்?

சாது! சாது! சாது!